குடைமிளகாய்க் கைராசி

நாற்று வாங்கி வந்தவள் டெய்லரக்காதான். கொழுகொழுவென்று இருந்த குடைமிளகாய் நாற்றுகளைத் தன் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு, சோனியாக நின்றவற்றை மாடியில் குடியிருந்த ஓரகத்தியிடம் கொடுத்தாள். கொழுந்தன் மனைவியான அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மண்ணில் கை வைத்தே பழக்கமில்லாதவள். காலி பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, பால்கனியில் நட்டு வைத்தாள்.

கொல்லைச் செடிகள் மளமளவென்று வளர்ந்தன. டெய்லரக்கா கைக்குக் கிடைத்த உரத்தையெல்லாம் கொட்டினாள். இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்ததே தவிர, பூ என்ற பேச்சே இல்லை. மாடியிலோ வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். இரண்டு மூன்று பிஞ்சுகள்கூட எட்டிப் பார்த்தன.

அது போதாதென்று டெய்லரக்காவின் கணவர் வேறு. பஸ் ஓட்டிவிட்டு வந்தவர், தம்பியைப் பார்க்க மேலே போய்த் திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"மேல போய்ப் பாரு. அந்தப் பொண்ணு கை பட்டா காஞ்ச குச்சியும் தழைக்கும்போல."

"நாற்று கொடுத்தது யாராம்?"

"கொடுத்தா மட்டும் ஆச்சா? கைராசின்னு ஒண்ணு வேணாமா?"

அன்று டெய்லரக்கா தைத்த பள்ளிச் சீருடையில் கை இரண்டும் இடம் மாறிப் போய், பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

இளையவள் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது மாடிச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கா, அவரை நம்பினா செடி செத்துடும். நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

"நீ நிம்மதியாப் போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

முதல் நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிட்டாள். மறுநாள் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்கு அடுத்த நாள் ஒரு பூவைச் சும்மா தொட்டுப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது. பக்கத்துப் பூ தானாக வரவில்லை, கிள்ளினாள். பிறகு கை நிற்கவில்லை. மொட்டு, பூ, கோலிக்குண்டு அளவுப் பிஞ்சு, எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்து எடுத்துவந்து குப்பையில் கொட்டினாள். அன்று அவளுக்குச் சோறு ருசித்தது. அதை நினைத்தபோதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியவள் மொட்டைச் செடிகளைப் பார்த்தாள். அவள் கேட்கும் முன்பே டெய்லரக்கா, "வெயில் தாங்காம உதிர்ந்துபோச்சு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து இளையவள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். டெய்லரக்காவுக்கு ஊசி நழுவியது.

"அக்கா! வெயில்னு சொல்லி என்னை ஏமாத்திட்டீங்களே! காம்புல நகம் பட்ட தடம் இருக்கு."

டெய்லரக்கா குனிந்து ஊசியைத் தேடினாள்.

"கடையில ஒருத்தங்க சொன்னாங்க. சின்னச் செடியில முதல் பூவைக் கிள்ளிடணுமாம். அப்பத்தான் கிளை விட்டு நிறைய காய்க்குமாம். எனக்கு மனசு வராதுன்னு நீங்களே செஞ்சிட்டு, சொல்லிக்கவும் இல்ல!"

சொன்னபடியேதான் ஆயிற்று. வாளிச் செடிகள் கிளை கிளையாகப் பிரிந்து, பூவாய்ப் பூத்து, காய்ப் பாரத்தில் சாய்ந்தன. குச்சி நட்டுக் கட்ட வேண்டியிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இளையவள், "எல்லாம் அக்கா கைவரிசை" என்றாள். தையல் கொடுக்க வந்தவர்கள் அதைச் சொல்லிப் பாராட்டும்போதெல்லாம், டெய்லரக்கா வாய் நிறைய ஊசிகளைக் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

உரம் போடுவதை வெறுத்துப்போய் நிறுத்திய பிறகு கொல்லைச் செடிகளிலும் மொட்டு வந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விடிந்ததும் போய் எண்ணிப் பார்ப்பாள். முதல் பூக்கள் விரிந்த அன்று, துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், கொல்லையிலிருந்து இளையவள் சிரித்துக்கொண்டே வருகிறாள். உள்ளங்கை நிறைய வெள்ளைப் பூக்கள்.

"உங்களுக்கும் மனசு வராதுல்ல? அதான் நானே கிள்ளிட்டேன்!"

"யாரைக் கேட்டுக் கை வச்ச?" கையிலிருந்த துணிப் பை கீழே விழுந்தது.

இளையவள் முகம் வெளுத்துப்போனது. "நீங்க எனக்குச் செஞ்சதைத்தானேக்கா நானும்…"

டெய்லரக்கா அந்தப் பூக்களையே பார்த்தாள். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும்.

"சரி விடு," என்றாள் கடைசியில். "நல்லதுதான் பண்ணின."

கொல்லையிலும் காய்த்தது. முதல் அறுவடையை வதக்கி வைத்தாள். கணவர் ரசித்துச் சாப்பிட்டார். கையைக் கழுவும்போது, "மேல காய்க்கறது சதை இன்னும் கொஞ்சம் கெட்டி" என்றார். அவள் பாத்திரங்களைச் சத்தமாகவே அடுக்கினாள்.

அடுத்த பருவத்துக்கு நாற்று வாங்கப் போகும்போது இளையவளும் கூடவே வந்தாள்.

"இந்தத் தடவை ரெண்டு பேர் செடியையும் பால்கனியிலயே வச்சிடலாமாக்கா? முழுக்க உங்க பொறுப்பு."

"வேணாம்," என்றாள் டெய்லரக்கா. "உன் செடிகிட்ட என்னை அண்ட விடாத. சாவியையும் கொடுக்காத."

இளையவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டெய்லரக்கா சிரிக்கவில்லை. நாற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கொழுத்த நாற்றாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அடுத்ததைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.