பிளாஸ்டரை உரித்தபோது

பிள்ளை பிறந்து ஆறு மணி நேரமாகியும் தையல்காரி அதைத் தூக்கவில்லை. பால் கொடுக்கும்போதுகூட நாத்தனார்தான் துணியோடு ஏந்திப் பிடித்தாள்.

மூத்தவளை ஆசை ஆசையாகத் தூக்கியவள்தான். துண்டால் ஒற்றிய இடமெல்லாம் கொப்புளம். விரல் பட்ட இடமெல்லாம் தோல் வழன்று வந்தது. பதினெட்டே நாள் இருந்தாள். தாயிடமும் தகப்பனிடமும் வெளியே தெரியாமல் இருந்த குறை ஒன்றுசேர்ந்து பிள்ளையிடம் வந்துவிட்டது என்றார் டாக்டர்.

இந்த முறை மூன்றாம் மாதமே சோதித்து, "இதுக்கு அந்த நோய் வராது" என்று சொல்லிவிட்டார்கள். அவள் மனம் ஒப்பவில்லை. உறுத்தக் கூடாதென்று பிள்ளைச் சட்டைகளைத் தையல் வெளியே தெரியும்படி தைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"தையல்காரி பிள்ளைக்கே சட்டை உள்வெளியான்னு ஊர் சிரிக்கப் போகுது," என்றாள் நாத்தனார்.

அப்போது நர்ஸ் வந்து பிள்ளையின் காலைப் பிடித்தாள். சர்க்கரை பார்க்கக் குதிகாலில் ரத்தம் எடுத்த இடத்தில் யாரோ பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

"ஐயோ, இழுக்காதீங்க சிஸ்டர்! மூத்தவளுக்கு அதோட தோலும் வந்துடுச்சு!"

நர்ஸின் கை நின்றது. "சரிம்மா, பதறாதீங்க" என்று எண்ணெயில் பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். கால்வாசி. பாதி. மலைப்பாதையில் லாரி ஓட்டும் தகப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

பிளாஸ்டர் வந்துவிட்டது. கீழே ஒரு சிவப்புத் தடம்.

"சிவந்திருக்கே..."

"எந்தப் பிள்ளைக்கும் சிவக்கும். கொஞ்சம் பொறுங்க."

நான்கு தலைகளில் மூன்று அந்தச் சின்னக் குதிகாலின்மேல் கவிழ்ந்தன. பிள்ளை காலை உதறி விரிப்பில் தேய்த்தது. பத்து நிமிடத்தில் சிவப்பு மங்கியது. கொப்புளம் எழவில்லை.

"டேய், கண்ணைத் திற. தோல் இருந்த இடத்துல அப்படியே இருக்கு," என்றாள் நாத்தனார்.

தையல்காரி கட்டைவிரலால் குதிகாலைத் தடவினாள். பிறகு கொஞ்சம் அழுத்தியே தடவினாள். பிள்ளைக்குக் கோபம் வந்து வீறிட்டது.

"வயித்துல பாலை வார்த்தியே கண்ணு," என்று வாரி எடுத்தவளுக்கு, மூத்தவளுக்கும் சேர்த்து அழுகை பொங்கியது.

லாரிக்காரன் கையை நீட்டினான். "எனக்கும் கொஞ்சம் குடேன்."

"முதல்ல என் பசி அடங்கட்டும், இருங்க," என்றாள் அவள்.