ரெண்டே பேருக்கு ஒரு மேசை

கப்பலில் ஏறிய மூன்றாம் நாள் காலையில் தனபால் டைனிங் ஹால் வாசலில் போய் நின்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டே பேர் உட்காருகிற மாதிரி ஒரு மேசை அவருக்கு வேண்டியிருந்தது. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்து ஊரையே அதட்டிப் பழகிய மனிதர், யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஹாலுக்குப் பொறுப்பாக இருந்தவர் சட்டையில் உவைஸ் என்று பெயர் குத்தியிருந்தது. தனபால் இங்கிலீசை ஒரு மாதிரி கூட்டி முடிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"கோயமுத்தூருங்களா சார்? நமக்கும் அங்கதானுங்க, கரும்புக்கடை. சொல்லுங்க."

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் பாதித் தைரியம் வந்தது. "ரெண்டு பேருக்குத் தனியா ஒரு மேசை கெடைக்குங்களா?"

"எல்லா மேசையும் ஒதுக்கியாச்சுங்களே. உங்க மேசைல ஏதாச்சும் கொறைங்களா?"

"கொறையெல்லாம் இல்லீங்க."

"பொறவு? ஏதாச்சும் விசேசமுங்களா? கல்யாண நாளா?"

தனபால் தரையைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

உவைஸ் முகமெல்லாம் சிரிப்பானார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே! சன்னலோரமா ஒரு மேசை போடச் சொல்றேன். நீங்க அக்காவக் கூட்டிட்டு வாங்க, அது போதும்."

பொய் சொல்வது இத்தனை சுலபமா என்று தனபாலுக்கே திக்கென்றது. அவர் மேசை கேட்டு வந்ததே ஒரு பொய்யை நிறுத்துவதற்குத்தான்.

பொய்யைச் சொன்னவள் அவர் மனைவி கலாமணி. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. கேட்டால் உங்களுக்கும் வராது.

அவர்களுக்கு ஒரே பையன். பெங்களூரில் வேலை. போன வருஷம் பொங்கலுக்கு நண்பர்களோடு காரில் வந்தவன் தொப்பூர்க் கணவாயில் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து கலாமணி வாசல் தாண்டுவதில்லை. சாப்பிடு என்றால் இரண்டு வாய், பேசு என்றால் ஒரு 'ம்'. பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் அவள் தம்பி மோகன்குமார்தான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். சென்னையில் ஏறி இலங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற கப்பல். "எத்தன நாளைக்கு மச்சான் ரெண்டு பேரும் செவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க? அக்கா ஆளு பாதியாயிட்டா" என்று சண்டை போட்டு அனுப்பி வைத்தான்.

கப்பலில் ஒரு வழக்கம். முதல் நாள் எந்த மேசையில் உட்கார்த்தி வைக்கிறார்களோ, ஊர் திரும்பும் வரை அதே மேசைதான். இவர்களுக்கு விழுந்தது எட்டுப் பேர் வட்ட மேசை. பக்கத்து நாற்காலியில், கொள்ளைத் தூரம் தாண்டி வந்த கடல் நடுவில், சோமனூர் லட்சுமணசாமி! தறி ஓட்டுகிறவர், கலகலப்பான மனிதர். நம்ம பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எந்த வழியில் போகும் என்று சொல்லவா வேண்டும்? எந்தூருங்க, என்ன கூட்டமுங்க, சோமனூரில் இன்னாரைத் தெரியுங்களா. இவர்கள் குலம் காடை கூட்டம், அவர்கள் குலம் பயிரன் கூட்டம் என்று ஆனதும் லட்சுமணசாமியின் மனைவி கலாமணி பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்கக்கா?"

தனபாலின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து அறைக்கு ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தார்.

"ஒரே பையனுங்க" என்றாள் கலாமணி. "சபரீன்னு பேரு. பெங்களூர்ல இருக்கான்."

இருக்கான் என்றாள். தனபால் தண்ணீரைக் குடித்தார். கூட்டம் வேறு வேறு, ஜாதி ஒன்று, பையனுக்கு வேலை பெங்களூரில். லட்சுமணசாமிக்கு நித்யஸ்ரீ என்று ஒரு பெண், படிப்பு முடித்து வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பேச்சு பற்றிக்கொண்டது. பையனுக்கு என்ன பிடிக்கும் என்றாள் அந்தம்மா. பச்சப்பயறு கடைஞ்சு ஊத்தினா நாலு தட்டு சாப்பிடுவான் என்றாள் கலாமணி. கோபக்காரனா? ஐயோ, அப்பனாட்டமே முணுக்குனு வரும், உடனே போயிரும் என்றாள். சொல்லச் சொல்ல அவள் கையும் வாயும் ஓடின. ஒரு வருஷம் கழித்து மனைவி வயிறாரச் சாப்பிடுவதைத் தனபால் அன்றைக்குத்தான் பார்த்தார். அதைப் பார்த்த பின்னால் வாயைத் திறந்து, அவ சொல்றது நெசமில்லீங்க என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு வரும்?

இரண்டாம் நாள் ராத்திரி ஜாதகமே வந்துவிட்டது. பையனுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த நாளில் ஜாதகத்தை எடுத்த படம், இன்னும் கலாமணி ஃபோனில் இருந்தது. லட்சுமணசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "உத்திரட்டாதிங்களா! பொண்ணுக்குப் பொருந்துமுங்க. ஊரு போய்ச் சேந்ததும் வர்ற ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வந்து பேசிப்போடறோம், என்னங்க சம்பந்தி?" என்று தனபாலின் முதுகில் தட்டினார்.

முதுகில் பட்ட அந்தத் தட்டு ராத்திரி முழுக்க வலித்தது. சோமனூருக்கும் பீளமேட்டுக்கும் எவ்வளவு தூரம்? கரை இறங்கியதும் லட்சுமணசாமி யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரிப்பார். செத்துப் போன பையனுக்குப் பெண் கேட்டார்கள் என்று ஊர் பேசும். கலாமணிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசும். இன்றைக்குள் நிறுத்தியாக வேண்டும். ஆனால் அறைக்குள் வந்துவிட்டால் அவள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறாள். அவளுக்கு வாய் திறப்பது சாப்பாட்டு மேசையில் மட்டும்தான். அதனால்தான் அவருக்குத் தனி மேசை வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் கப்பல் திரிகோணமலையில் நின்றது. எல்லோரும் இறங்கி ஊர் சுற்றினார்கள், இவர்கள் இறங்கவில்லை. சாயங்காலம் கப்பல் புறப்பட்டதும் தனபால் மனைவியை அழைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். உவைஸைச் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்திருந்தார். சன்னலோரம் சின்ன மேசை, வெள்ளைத் துணி, ஒரு ரோஜாப்பூ, எரியாமலே எரிகிற மாதிரி ஒரு மெழுகுவர்த்தி. கலாமணி நின்றபடியே வட்ட மேசைப் பக்கம் பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம மேசை அங்கயல்லங்க இருக்குது?"

"இன்னைக்கு இங்க."

உட்கார்ந்தாள். "இதெல்லாம் எதுக்குங்க?"

"கல்யாண நாளுன்னு சொல்லி வாங்குனேன்."

"நம்ம கல்யாண நாளு ஆவணியிலல்லங்க வருது?"

"பொய்தான் சொன்னேன்."

"நானும் அதைத்தானுங்க செஞ்சேன்" என்றாள்.

இதைத் தனபால் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் கலைந்துவிட்டது. "கலா, பையன் இல்ல. அவங்ககிட்டச் சொல்லிப்போடோணும். நாளைக்கு எறங்குனா..."

"எனக்குத் தெரியாதுங்களா?" அவள் குரல் உயரவில்லை. "பைத்தியம் புடிச்சுருச்சுன்னு நெனச்சீங்களா? பெத்தவளுக்குத் தெரியாதா? ஊட்டுக்கு வர்றவங்கெல்லாம் என்னப் பாத்தா கொழந்தைங்க பேச்சையே நிறுத்திக்கறாங்க. நான் கூடத்துக்கு வந்தா ஊடே கம்முனு ஆயிருது. அவன் பேர ஒருத்தர் வாய்ல கேட்டு ஒரு வருசமாச்சு. நீங்க மட்டும் என்ன? இப்பக்கூடப் பையன்னுதான சொன்னீங்க. இங்க ஒரு பொம்பள வாய் தொறந்து, எத்தன கொழந்தைங்கன்னு கேட்டா. அவனுக்கு என்ன புடிக்கும்னு கேட்டா. கேட்டாத்தானுங்களே சொல்ல முடியும்?"

தனபால் ரோஜாப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு தெரியும். நீங்களே சொல்லிருங்க. அந்த வார்த்தைய என்னால சொல்ல முடியாது."

அந்த வார்த்தையைத் தனபாலும் இதுவரை சொன்னதில்லை என்பதுதான் விஷயம். அன்றைக்கு ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னவன் மோகன்குமார். மயானத்துக்கு எடுக்கும்போது ஒரு பெரியவர், கல்யாணமாகாத பையன், வாழைக்கன்றுக்கு ஒரு தாலி கட்டி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னார். அப்போது மட்டும் தனபால் வாயைத் திறந்தார். எம் பையனுக்கு வாழைக்கன்னா கட்டி வெப்பீங்க என்று அவர் போட்ட சத்தத்தில் பெரியவர் நடுங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டவர்தான்.

சூப் வந்தது, ஆறியது. லட்சுமணசாமியும் வந்துவிட்டார். "என்னங்க சம்பந்தி, எங்கள உட்டுப்போட்டுத் தனிக் குடித்தனமா?" என்று சிரித்துக்கொண்டே ஃபோனை நீட்டினார். நித்யஸ்ரீயின் படம். பச்சைப் புடவையில், யாரோ சிரிக்கச் சொல்லிச் சிரித்த முகம். "இத உங்க பையனுக்கு அனுப்பி வெய்யுங்க."

தனபால் எழுந்து நின்றார். கலாமணி மேசைத் துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும், ஒரே ஒரு வாக்கியம். எங்க பையன் செத்துப் போயிட்டானுங்க. அவ்வளவுதான். வாயைத் திறந்தார். அவனை இன்னொரு தரம் தன் வாயாலேயே சாகடிக்க அவரால் முடியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க" என்றார். "பையனுக்கு வேற எடத்துல முடிவாயிருச்சுங்க. அவனாப் பாத்த பொண்ணு. எங்களுக்கே தெரியாது. மத்தியானம் திரிகோணமலைல நிக்கறப்பத்தான் ஃபோன் பண்ணிச் சொன்னான்."

லட்சுமணசாமியின் முகம் விழுந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் அல்லவா. ஆனால் தங்கமான மனிதர், சட்டென்று சமாளித்துக்கொண்டார். "அதனால என்னங்க? இந்தக் காலத்துப் பசங்க. எங்கிருந்தாலும் பையன் நல்லா இருக்கட்டும், நூறு வருசம் நல்லா இருக்கட்டும். கல்யாணத்துக்குச் சொல்லியனுப்புங்க, ஒறம்பறையா, சொந்தக்காரங்களா வந்து நிக்கறோம்" என்று தனபாலின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

தனபால் உட்கார்ந்தார். மனைவியை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

கலாமணிதான் கேட்டாள். "ஃபோன்ல என்ன சொன்னானுங்க?"

"பொண்ணு... கோபிச்செட்டிபாளையம் பக்கம்னான்."

"பொறவு?"

"பொறவு... அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா, எனக்குப் பயமா இருக்குதுன்னான்."

"பயந்தாங்கொள்ளி" என்றாள் கலாமணி. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள். தனபாலும் அழுதார். மயானத்தில் அழாதவர், காரியத்தன்று அழாதவர், அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹாலில் சூப் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டில் ஆளுக்கொரு அறையில் அழவேண்டியதை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கலாமணி சொன்னாள். "அன்னைக்கு வாழைக்கன்னுன்னதுக்கு அத்தன சத்தம் போட்டீங்க. இன்னைக்கு நீங்களே அவனுக்குக் கல்யாணத்த முடிச்சுப்போட்டீங்க."

அந்த நேரம் பார்த்து உவைஸ் கேக்கோடு வந்தார். பின்னால் நாலு பேர் கை தட்டிக்கொண்டு பாட்டுப் பாட வந்தார்கள். பாதிப் பாட்டில் இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உவைஸ் கையைக் காட்ட, பாட்டு நின்றது. மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். கேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் மட்டும் நின்றார். எதையாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டார்.

"பசங்க யாரும் கூட வரலீங்களா அக்கா?"

தனபால் மனைவியைப் பார்த்தார். கலாமணி மேசைத் துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே பையனுங்க" என்றாள். "போன வருசம் பொங்கலுக்கு வர்றப்போ செத்துப் போயிட்டான்."

உவைஸ் கேக்கை மெதுவாக மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்று தனபால் நினைத்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். அவர் போகவில்லை.

"பையன் பேரு என்னங்கக்கா?"

கலாமணி தன் புருஷனைப் பார்த்தாள்.

"சபரி" என்றார் தனபால்.