சவர்க்காரப் பெட்டியின் மூடி

இரண்டாவது சரணத்தில்தான் அம்பிளிபயர் குரல் மாறியது. முதற் சரணம் முழுவதும் தெளிவாகக் கேட்ட கிற்றார், யாரோ தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுப்பதுபோலக் கரகரக்கத் தொடங்கியது. பாடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியையல்லவா பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் என் வலது கையைப் பார்த்தார்கள்.

ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்த பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் கோயிலின் பாட்டெல்லாம் இருபது வருடமாக அவர் கையில்தான் இருக்கிறது. பங்குச் சுவாமியார் கேட்டுக்கொண்டதால்தான் கிற்றாருக்கே இடம் கொடுத்திருந்தார்.

"பிள்ளை, உதென்ன கம்பியோடை சண்டையோ? கொஞ்சம் மெல்லமாய் அடியும்."

"மெல்லமாத்தான் மாஸ்ரர் அடிச்சனான். பெட்டியிலைதான் ஏதோ பிழை."

"பெட்டி முதல் நல்லாத்தானே பாடினது," என்றார் அவர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னும் எட்டு நாளில் திருநாள். வெஸ்பர் என்கிற பின்னேர வழிபாட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய சுவாமிமார் வருகிறார்கள். அதற்குள் இந்தச் சத்தம் சரிவராவிட்டால் ஆர்மோனியம் மட்டும் போதும் என்று சொல்லி மாஸ்ரர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகைதான் எனக்குக் கடைசித் தவணை.

பெட்டியைச் செய்தது என் அண்ணை சவிரிமுத்து. வீடுகளுக்கு வயரிங் செய்வது அவர் வேலை. இறக்குமதி எல்லாம் நின்றுபோய், ஒரு றேடியோ வால்வுக்கு யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தாலும் கிடைக்காத காலம் அது. மூன்று பழைய றேடியோக்களை உடைத்து, இரண்டு வால்வும் ஒரு ஸ்பீக்கரும் எடுத்து, கோயில் நிறையச் சத்தம் தரக்கூடிய பெட்டி ஒன்றைச் செய்துவிட்டார். கெட்டிக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செய்முறைப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கன்னியர் மடத்து விடுதியில் படித்த நான்தான் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். ஊருக்கு இந்தக் கதை தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இராயப்புவின் மகன் பெட்டி செய்தான், மகள் அதைக் கெடுக்கிறாள் என்பதுதான்.

அண்ணையும் அதையேதான் சொன்னார். குசினி வாசலில் நின்று அம்மாவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். "வேலைக்குப் போகமுதல் விடிய நான் போட்டுப் பாத்தனான். வடிவாப் பாடினது. இவளின்ரை கைதான் பாரம்." கோபத்தில்கூட அவரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. பழக்கம் அப்படி. அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன், பாரம் மட்டும் குறைவாக இருந்திருந்தால்.

கோபம் பெட்டியோடு மட்டும் அல்ல. அதன் உள்ளே எல்லாப் பாகங்களையும் தாங்கி நின்றது ஒரு பலகை. அது எங்கள் அப்பாவின் வள்ளத்துப் பலகை. அப்பா நெஞ்சுவலியில் போய் ஒரு வருடம் ஆகமுன், அம்மாவையும் கேட்காமல் என்னையும் கேட்காமல், வள்ளத்தைக் கரையில் வைத்துத் துண்டு துண்டாக அறுத்தார் அண்ணை. அம்மா, அவர் பெயர் பிலோமினம்மா, ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. அண்ணைக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். பக்கப் பலகை ஒன்றை மட்டும் விறகுக்குக் கொடுக்காமல் வைத்திருந்து, இழைத்து, வயர்களைப் பற்றவைக்கப் பித்தளை ஆணிகள் அடித்து, அதன்மேல்தான் அம்பிளிபயரைக் கட்டினார். "அப்பா கோயிலிலை பாடுறார் எண்டு நினை," என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நானும் அழுதேன். அந்தப் பலகையைக் குற்றம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது.

திங்கட்கிழமை அண்ணை வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தேன். வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேறு வால்வுகள் கிடையாது. ஆகவே புத்தகத்தை விரித்து, அண்ணையின் மீற்றரை எடுத்து, ஒவ்வொரு முனையாக அளந்தேன். காலை எட்டு மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. கிற்றாரை மாட்டி அடித்தேன், ஒரு குறையும் இல்லை. அண்ணை சொன்னது பொய் அல்ல. மூடிவிட்டுக் கறி வைக்கப் போனேன். மத்தியானத்துக்குப் பிறகு சோளகக் காற்று கிளம்பி, கடற்பக்க யன்னலால் உள்ளே வந்து, அலுமாரிக் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தது. அப்போது மறுபடி போட்டேன். கரகரத்தது. நான் கம்பியை ஒற்றை விரலால் தொட்டேன், அதற்கும் கரகரத்தது. என் கை பாரமாம்.

இரண்டாவது வால்வுக்குள் பாட்டு நுழையும் வாசல்முனையில் மின்சாரமே இருக்கக்கூடாது என்று புத்தகம் சொல்கிறது. முதல் வால்விலிருந்து அங்கே போகும் வழியில் ஒரு கொண்டென்சர் நிற்கிறது. பாட்டைப் போகவிட்டு, மின்சாரத்தை மறிப்பதுதான் அதன் வேலை. காலையில் அந்த முனையில் ஒன்றும் இல்லை. இப்போது மீற்றரின் ஊசி நாலு வோல்ற்றில் நின்றது. அப்படியென்றால் கொண்டென்சர் ஒழுகுகிறது, வேறென்ன என்று நினைத்து, சுவிச்சை நிறுத்தி, பொறுத்திருந்து, அதைக் கழற்றினேன். மறுபடி போட்டேன். ஊசி அதே நாலில் நின்றது. நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை. இரண்டு பித்தளை ஆணிகளும், அவற்றுக்கு இடையில் ஒரு அங்குலம் பலகையும்தான்.

ஆணிகளின் அடியைக் குனிந்து பார்த்தேன். பச்சை பூத்திருந்தது. சுற்றிவர மெல்லிய வெள்ளைப் பொடி. பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, வெகுநேரம் கழித்து, பலகையின் ஓரத்தை நாக்கால் தொட்டேன். உப்பு. முப்பது வருடம் அப்பா கடலுக்குக் கொண்டுபோன பலகை அது, ஒரு தடவை இழைப்பதில் உப்பு போய்விடுமா? காய்ந்த காலையில் சும்மா கிடக்கும். காற்று ஈரத்தைக் கொண்டுவந்ததும் பலகை குடித்து, ஓர் ஆணியிலிருந்து மற்ற ஆணிக்கு மின்சாரத்தைக் கடத்தும். வயரிங் செய்கிற அண்ணைக்கு இது தெரியாதா? வேறு யாருடைய பலகையென்றாலும் தெரிந்திருக்கும்.

குளிக்கக் கொண்டுபோகும் என் விடுதிச் சவர்க்காரப் பெட்டி பிளாஸ்ரிக்கில் ஆனது, ஈரம் குடிக்காது. மூடியில், விடுதியில் என் உடுப்புகளுக்குத் தந்த இலக்கம், நாற்பத்தேழு, ஊசியால் கீறியிருந்தது. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அதில் துளைகள் போட்டேன். வாசல்முனையையும் கழற்றிய கொண்டென்சரையும் அதோடு சேர்ந்தவற்றையும் பலகையிலிருந்து தூக்கி, மூடியின்மேல் வைத்து ஈயம் பற்றவைத்தேன். நாலே நாலு பற்று. பின்னேரம் நாலு மணிக்கு, முகத்தில் உப்பு ஒட்டும் காற்றில், கிற்றார் தெளிவாகப் பாடியது. அம்மா உலக்கையை வைத்துவிட்டு வந்து நின்று கேட்டுவிட்டுத் திரும்ப இடிக்கப் போனார்.

அண்ணை வந்ததும் சொன்னேன். பெட்டிக்குள் பார்த்தார். முகம் கறுத்தது.

"அப்பான்ரை பலகையை நக்கிப் பாத்தனியோ?"

"ஓம். உப்பு."

"உப்பில்லாமல் என்ன இருக்கும்? அதுக்கு அவரின்ரை பலகையிலை சவுக்காரப் பெட்டியைக் கொண்டந்து ஒட்டுவியோ? ஈயம் சரியாப் பிடிக்காமல் இருந்திருக்கும். நீ திரும்பப் பத்தவைச்ச உடனை சரிவந்திட்டுது. பலகையிலை ஒரு பிழையும் இல்லை. கழட்டி முந்தியிருந்த மாதிரி வை."

"ஒத்திகை முடியட்டும்," என்றேன். ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ஏழு பாட்டும் வாசித்தேன். கடற்பக்கக் கதவுகள் மூன்றும் திறந்திருந்தன, காற்று மெழுகுதிரிகளைச் சாய்த்தது. ஓர் இடத்திலும் கரகரக்கவில்லை. கடைசிப் பாட்டில் மாஸ்ரர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

"நல்லம். நல்ல வடிவு," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணையைப் பார்த்தார். "பாட்டு எல்லாம் மூண்டு கிற்றார் கோட்தானே சவிரிமுத்து. பெரிய சுவாமிமார் வாற இடத்திலை, பீடத்துக்குப் பக்கத்திலை, பொம்பிளைப் பிள்ளை கதிரையிலை இருந்து கிற்றார் அடிக்கிறது அவ்வளவு வடிவில்லை. பெட்டியும் உம்மடை. நீரே வாசியுமன். தங்கச்சி பாடட்டும்."

அண்ணைக்குக் கம்பியில் விரல் பிடிக்கிற மூன்று கோட் தெரியும். நான் காட்டிக்கொடுத்த மூன்று. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டி பிழைத்தபோது அது என் கை. பெட்டி திருந்தியபோது என் கை எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று நம்பினேன். அவர் பெட்டியின் மேற்பலகையைத் தடவினார்.

"ஓம் மாஸ்ரர்," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், கோயில் மதிலிலிருந்து எங்கள் ஒழுங்கை வரை, நான் முன்னால் நடந்தேன், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டுப் படலையடியில் அவர்தான் வாயைத் திறந்தார். "குறை நினையாதை. அடுத்த வருசம் பாப்பம். மற்றது, அந்த மூடியைக் கழட்டிவிடு. அப்பான்ரை பலகையிலையே இருக்கட்டும்." பலகையைப் பற்றி நான் சொல்லவேண்டியதெல்லாம் முன்னமே சொல்லிவிட்டேன். அவரும் கேட்டுவிட்டார். இன்னொரு முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சரி அண்ணை," என்றேன்.

சனிக்கிழமை விடிய, ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி, நாலு பற்றையும் உருக்கினேன். வாசல்முனையைப் பழைய ஆணியிலேயே, அவர் சொன்ன மாதிரியே, முந்தியிருந்த இடத்திலேயே வைத்தேன். என் வேலையில் ஒரு பற்றுக்கூடக் கோணவில்லை. எட்டு மணிக்கு அண்ணை போட்டு வாசித்துப் பார்த்தார். தெளிவாகப் பாடியது. "பாத்தியோ," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெஸ்பர் அன்றே பின்னேரம் ஐந்து மணிக்கு. பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் முக்காட்டோடு நிற்கிறேன். வெள்ளை உடுப்பில் பெரிய சுவாமிமார் வந்து பீடத்தடியில் நிற்கிறார்கள். அண்ணை புதுச் சேட்டோடு கதிரையில் உட்கார்ந்து, கிற்றாரை மடியில் வைத்து, குனிந்து சுவிச்சைப் போடுகிறார். பெட்டியின் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிகிறது. கடற்பக்கக் கதவுகள் மூன்றும் திறந்திருக்கின்றன. சோளகம் உள்ளே வந்து, முன்வரிசைப் பெண்களின் முக்காடுகளை எல்லாம் ஒரே பக்கமாக இழுக்கிறது. என் உதட்டில் உப்புக் கரிக்கிறது.

"கையிலை என்ன பிள்ளை வைச்சிருக்கிறாய்?" என்று அம்மா மெல்லக் கேட்கிறார்.

"சவுக்காரப் பெட்டி மூடி."

அம்மா மூடியைப் பார்க்கிறார், அதிலிருக்கும் துளைகளைப் பார்க்கிறார், பிறகு அண்ணையைப் பார்க்கிறார். அங்கே மாஸ்ரர் கையைத் தூக்க, அண்ணை தன் கையைக் கம்பிகளுக்குமேல் உயர்த்துகிறார்.