இரவல் குரல்

குகையைச் சுற்றிக்காட்டுகிறவளின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தீர்ந்துபோனது. தொண்டையில் நோய் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வருஷக்கணக்காக ஒரே பேச்சை ஒரே இருட்டில் பேசினால் தீரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அது அவளுடைய வேலை மட்டுமல்ல. குகையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வெளியூர் ஆட்களை வேலைக்கு இறக்கியபோது, தெருவே குகை வாசலில் போய் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, உள்ளூர்க்காரர்களுக்கென்று பிடுங்கிய வேலைகளில் ஒன்று. ஒருத்தி வேலையிலிருந்து நின்றால் அதையே சாக்காக வைத்து எல்லோரையும் கழற்றிவிடுவார்கள். ஆகவே ஆளுக்கொரு நாள் அவளுக்குக் குரல் கொடுப்பதென்று தெரு கூடி முடிவு செய்தது. காலையில் கொடுத்துவிட்டு மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதுவரை கொடுத்தவர் ஊமை. டீக்கடைக்காரரின் கட்டைக் குரலில் அவள் பாறைகளை விளக்கிய அன்று பயணிகள் சிரித்தார்கள். மேனேஜர் முறைத்தார், கூட்டம் குறையவில்லை என்றதும் விட்டுவிட்டார்.

போகப் போகத் தெருவுக்கு அலுத்தது. பாலில் தண்ணீர் கலந்தவனைத் திட்ட வழியில்லாமல் டீக்கடைக்காரர் ஒரு நாள் முழுக்கப் புழுங்கினார். தையற்காரி, "இனிமே என்னால முடியாதும்மா, தப்பா எடுத்துக்காத" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் மிஞ்சியது மாமியார்தான். கல்யாணமான நாளிலிருந்து மருமகளோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"வாயே இல்லாதவ எப்படிக் கேப்ப? எடுத்துட்டுப் போ. எனக்கு இங்க பேச யாரு இருக்கா" என்றாள்.

அன்று மத்தியானம், மருமகள் குகைக்குள் கூட்டத்தை அழைத்துப் போய்க்கொண்டிருந்தபோது, மாமியார் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்கு ஓடிவந்தவளிடம் குரல் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவள் மாமியாரின் குரலிலேயே அழுதாள். செத்தவளே தனக்காக அழுவதைக் கேட்டு, தெருப் பெண்கள் நாற்காலியை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குரல் அவளிடமே தங்கிவிட்டது. மறுவாரம் வேலைக்குப் போனாள். கரகரப்பான குரல்தான், ஆனாலும் குகையின் கடைசி மூலைவரை எட்டியது. யாருடைய வேலையும் போகவில்லை. சாயங்காலம் கால் கடுக்க வந்து, சமைத்து இறக்கி, "சாப்பாடு ஆறுது, எத்தனை வாட்டி கூப்பிடறது?" என்று கத்துவாள். முதல் சில நாட்கள் அவள் கணவன், "இதோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் கடித்துக்கொள்வதில்லை.