வரதன் என்று ஒருவர்

என் புருஷன் வரதன் தீவிரவாதியாம். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மனுஷன் அவர். வெளிநாட்டு ராணுவ முகாம் ஒன்றில் துணி துவைக்கிற வேலைக்குப் போயிருந்தார். அங்கே குண்டு வெடித்ததும், கண்ணில் பட்டவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஏதோ ஒரு தீவில் அடைத்துவிட்டார்கள்.

நாங்களும் ஏறாத படி இல்லை. அடைத்து வைத்த நாட்டின் கோர்ட், அந்தத் தீவு எங்கள் மண் இல்லை என்றது. தீவுக்காரர்கள், முகாம் எங்கள் கையில் இல்லை என்றார்கள். நம் கோர்ட், வேறு நாட்டு ராணுவத்துக்கு நாங்கள் எப்படி உத்தரவு போடுவது என்றது. எல்லாரும் கை கழுவினால் அந்த ஆள் எங்கே நிற்பான், ஆகாசத்திலா? நாசமாய்ப் போக.

எங்கள் வக்கீல் மதிவதனிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தீவில் வரதன் என்று பெயர் சொல்லும் கைதி ஒருவர் இருக்கிறார். அவர் இந்தியர்தான் என்று நிரூபித்தால் அனுப்பிவிடுவார்களாம். பாஸ்போர்ட் வெடியில் போய்விட்டது. சோப்புக் காரத்தில் தேய்ந்த அவர் கைரேகையை ரேஷன் கடை மெஷினே ஏற்காது. அதனால் பூந்தமல்லியில் நீதிபதி முன்னால், வீடியோவில் பார்த்து நான் அடையாளம் காட்ட வேண்டும்.

அன்று என் மாமியார் குப்பம்மாவை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். திரையில் தாடியும் எலும்புமாய் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தொண்டையை இரண்டு தரம் செருமினார். வரதன் செருமுவது அப்படித்தான்.

"இன்னாடி எழிலு, மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறே?"

என் புருஷனின் பேச்சு அது. ஆனால் அந்த முகம் அவருடையது இல்லை.

மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெயிலில் இளைத்துத் தாடி வளர்ந்தால் யாருக்கும் முகம் மாறத்தானே செய்யும்?

"வீட்டு விஷயம் ஏதாவது சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"காட்டுப்பாக்கத்து ஊட்ல வெள்ளம் வந்துச்சே எழிலு. நாம ரெண்டு பேரும் பீரோ மேல குந்திகினு பச்ச சேமியா துன்னோமே!"

சேமியா என்று சொல்வதற்கு முன்பே சிரித்துவிட்டார். வரதனும் அங்கேதான் சிரிப்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. பாவி மனுஷா, என் குடித்தனத்தையே அள்ளி யாரிடம் கொடுத்துவிட்டாய்?

என் வரதன் எங்கே என்று எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது? "அங்க தொணைக்கு யாராச்சும் கீறாங்களா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "பக்கத்துக் கூண்டுல ஒருத்தரு இர்ந்தாரு. ராவும் பகலும் பொஞ்சாதியப் பத்தியே பேசிகினு கெடப்பாரு. போன மழைல ஜுரம் வந்து பூட்டாரு. பேரு கூட எழுதிக்காம எடுத்துகினு போய்ட்டாங்க." மறுபடி செருமினார். "போறதுக்கு முன்ன, என் பேரச் சொல்லிகினு நீயாச்சும் ஊடு போய்ச் சேருன்னு அவரு சொன்னாரு எழிலு."

அந்தக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இவர்தான் உங்க கணவரா?" நீதிபதி கேட்டார்.

இல்லை என்றால் இவர் திரும்பவும் யாருக்கும் சொந்தமில்லாத அந்த இடத்துக்கே போவார். ஆமாம் என்றால் என் வரதனை இனி யாரும் தேடமாட்டார்கள். எந்த மண்ணில் புதைத்தீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இருக்காது.

"ஆமாங்கய்யா" என்றேன். "இவருதான்."

திரையில் அந்த மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் கொடுத்துவைத்தவர், அழலாம்.

வெளியே மதிவதனி ஓடிப்போய் குப்பம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அத்தை கோர்ட் வாசல் பூக்காரியிடம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ஆள் வந்து இறங்கும்போது இவளுக்கு நான் என்ன சொல்வது? என்னையும் மீறிக் கண் கலங்கியது.

"சீ, அழுவாதடி" என்று அதட்டினாள் அத்தை. "புருசன் உசுரோட வரசொல்லோ எவளாச்சும் அழுவாளா? திரும்பு."

திரும்பி நின்றேன். என் தலையில் பூ வைத்துவிட்டாள்.