முரானோ விளக்குக்கு இட்ட குங்குமம்

1

இந்தக் கதை பிறந்தது வயிற்றெரிச்சலில். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில், கண்ணாடி மேசை விளக்கு ஒன்றைத் தொடப் போனேன். “இட்டாலியன்!” என்று கையைத் தட்டிவிட்டார்கள். வேறு எப்படிப் பழிவாங்குவது?

2

‘வெனிஸின் அந்திப்பொழுதில், முரானோத் தீவின் உலை முன்னே…’ அடித்துவிட்டேன். நான் வெனிஸைப் பார்த்தது காலண்டரில்தான்.

நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர், 2000. நாகலக்ஷ்மி வீட்டு ஹாலில் பால்வெள்ளையாக, காளான் மாதிரி ஒரு விளக்கு. அவள் கணவர் பிச்சுமணி, வருகிறவர்களை உட்காரவைத்து வகுப்பெடுப்பார்: முரானோ, வாயால் ஊதியது, தண்டும் குடையும் ஒரே கண்ணாடி, அறுபதுகளின் டிசைன். பயபக்தியோடு கேட்டுவிட்டு, “சேல்ல வாங்கினேளா?” என்பார்கள்.

துடைப்பதும் அவரேதான். நாகலக்ஷ்மி வீடு முழுக்க வாக்யூம் பண்ணலாம். விளக்கைத் தொட மட்டும் அனுமதி இல்லை.

(பிச்சுமணியைக் கொடுங்கோலன் ஆக்கிவிட்டேனோ? நல்ல மனுஷர்தான். அதுதான் தொல்லை.)

3

சரஸ்வதி பூஜையன்று அவர் ஆபீஸ் போனதும், மகள் ஷ்ரேயாவின் புத்தகங்களையும் தையல் மிஷினையும் சுவாமி முன் வைத்தாள் நாகலக்ஷ்மி. பிறகு விளக்கை ஒயரோடு தூக்கிவந்து நடுவில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டாள்.

(கோபத்திலா, பக்தியிலா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும்தான்.)

சாயங்காலம் பிச்சுமணி தன் வெள்ளைக்கார மேனேஜரோடு வந்தார். விளக்கை ஏற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் அவரை அழைத்திருந்தார்.

“என்னடி பண்ணி வெச்சிருக்கே? இட்டாலியன் கிளாஸ்!”

“பூஜைல வெச்சாச்சு. நாளைக்குப் புனர்பூஜை ஆறவரைக்கும் யாரும் தொடப்படாது.”

பிச்சுமணிக்கு வியர்த்தது. கண்ணாடிக்கே அவ்வளவு பயப்படுகிறவர் சரஸ்வதிக்குப் பயப்படமாட்டாரா?

4

முதல் முடிவு: விளக்கு விழுந்து உடைகிறது. மலிவு.

இன்னொன்று: மேனேஜர் குங்குமத்தைப் பார்த்து “பியூட்டிஃபுல்!” என்று உருகுகிறார். வெள்ளைக்காரர் சான்றிதழ் கொடுத்தால்தான் அவள் செய்தது சரியா? கிழித்துவிட்டேன்.

மூன்றாவதாக, பிச்சுமணி மனம் திருந்தி…

அதற்குள் மேனேஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ப்ளக் பாயின்ட் தேடுகிறார். பிச்சுமணி அசட்டுச் சிரிப்போடு நிற்கிறார். இந்த வீட்டில் நாகலக்ஷ்மி ‘கூடாது’ என்று சொன்னது இன்றுதான் முதல் தடவை. அது நிற்குமா என்பது இப்போது அவள் கையில்.

எனக்கு அவளை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. நான் பேசினால் அது என் பேச்சாகிவிடும். அவள் மேனேஜரிடம் என்ன சொன்னாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அதில் ‘சாரி’ வரக் கூடாது.