நெக்ஸ்ட் ஹாப்: கபெம்ப்வா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஜாம்பியாவின் வடக்கே காசாமா என்ற ஊரில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். பக்கத்து வீட்டு நம்விங்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ன்ஷிமா என்கிற மக்காச்சோளக் களியைக் கிண்டிக்கொண்டே சொன்னது. "எழுதிடாதீங்க வாத்தியாரே" என்றும் சொன்னாள். எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தனிமை என்பது ஒரு'

நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

2

ஓர் இணைய நிறுவனத்தின் காசாமா ரௌட்டரை, அதாவது எந்தத் தகவல் எந்த வழியில் போகவேண்டும் என்று பிரித்தனுப்பும் பெட்டியை, பார்த்துக்கொள்பவள் அவள். ஒரே அறை, ஏசி இரைச்சல். உடன் வேலை செய்த கபெம்ப்வா ஆறு வருடங்களுக்கு முன் தலைநகர் லுசாகா அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனான். அதன்பின் பழுது வந்தால் மட்டும் போனில் பேச்சு.

(இருவருக்கும் காதலா என்று கேட்டேன். "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.)

3

அன்று காலை லுசாகாவில் புதிதாக ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு இணைப்புக் கொடுத்திருந்தார்கள்; இனி வெளிநாட்டுக்குப் போவதெல்லாம் அதன் வழியாகத்தான். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். லாரி கவிழ்ந்து கழுத்தில் அடிபட்ட ஓட்டுநர். எக்ஸ்ரே படத்தை வெளிநாட்டு நிபுணர் பார்த்துச் சொன்னால்தான் அவரை அசைக்கலாம். படமோ போகவில்லை. நர்ஸ் அழாத குறை.

நம்விங்கா லுசாகாவை அழைத்தாள்.

"வழியெல்லாம் காலையிலேயே அனுப்பிட்டேனே தாயே. பட்டியல் வந்துச்சா, இல்லையா?" என்றான் கபெம்ப்வா.

"வந்துச்சு. எல்லாத்துலயும் நெக்ஸ்ட் ஹாப்னு அந்த வெளிநாட்டுக்காரன் முகவரி நிக்குது. அவன் யாருன்னே என் ரௌட்டருக்குத் தெரியாது. யார்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கும்?"

(நெக்ஸ்ட் ஹாப் என்றால், வந்ததை அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என்கிற முகவரி. அங்கே போகவே வழி தெரியாவிட்டால் பட்டியல் இருந்தும் பயனில்லை.)

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"எனக்கு அனுப்புறப்ப அவன் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடு. உன்கிட்ட வந்து சேர எனக்கு வழி தெரியும். அங்கேருந்து நீ தள்ளிவிடு."

"அப்போ எல்லாம் என் தலையில!"

"உன் தலை பெருசுதானே."

அவன் சிரித்தான். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வரி.

படம் போனது. அரை மணியில் பதில் வந்தது: தண்டுவடம் தப்பியிருக்கிறது, கழுத்துப் பட்டையோடு அசைக்கலாம். நர்ஸ் சத்தம் போட்டே நன்றி சொன்னாள்.

"எல்லா இணைப்புக்கும் நிரந்தரமாப் போட்டுட்டேன். இனிமே இதுக்காக நீ கூப்பிடவே வேண்டாம்" என்றான் கபெம்ப்வா, பெருமையாக.

"சரி" என்றாள். வேறென்ன சொல்வது?

4

மறுநாள் பழுதில்லாமலே அவள் அழைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன், அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அவனே அழைத்ததாக இன்னொன்று. அது என் ஆசை, நடந்ததல்ல.

நடந்தது இவ்வளவுதான்: பதினோரு வாரமாக ஒரு பழுதும் இல்லை.

"ஒரு வயரைப் பிடுங்கி விட்டுடலாமான்னு ஒருநாள் தோணுச்சு வாத்தியாரே" என்றாள். "ஆஸ்பத்திரி இருக்கே. விட்டுட்டேன்."

அவன் எண் அவளிடம் இருக்கிறது. என்ன காரணம் சொல்லி அழைப்பாள்? நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.